புல்லுக்கு அடியில் கதவு

முயல் என்று கேட்டால் அந்தத் தெருவில் எல்லாரும் அவன் வீட்டைக் காட்டுவார்கள். நாய் குரைத்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவான். ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் ஏறமாட்டான். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் செருப்போடு செருப்பாகக் கிடப்பான். பெயர் வைத்தவன் அவன் பெண்டாட்டியின் அண்ணன். கட்டட மேஸ்திரி. வாயும் பெரிசு, கையும் பெரிசு.

பட்டறையில் போட்டார்கள், தீப்பொறிக்குப் பயந்து ஓடிவந்தான். மாவு மில்லில் போட்டார்கள், பெல்ட்டைப் பார்த்தே காய்ச்சல் வந்தது. கடைசியில் மேஸ்திரிதான் பேசி, தங்கச்சி ஆயாவாக இருந்த பாலர் பள்ளியிலேயே தோட்ட வேலை வாங்கிக் கொடுத்தான். பள்ளியை ஒட்டி ஒரு பழைய வீடு இருந்தது. அதை இடித்து மனையை நிரவிக் கொடுத்ததும் மேஸ்திரிதான். பிள்ளைகள் விழுந்து புரள அங்கே புல்தரை வேண்டும் என்றார் பெரிய டீச்சர்.

"முயலுக்குப் புல்லு வேலை. இதைவிடப் பொருத்தம் எங்க கிடைக்கும்?" என்று மேஸ்திரி தொடையில் தட்டிச் சிரித்தான்.

முயலுக்கும் அந்த வேலை பிடித்துப்போயிற்று. புல் குரைக்காது, கடிக்காது. மண்ணைக் கொத்திக் கல் பொறுக்கினான். விதையை மணலோடு கலந்து நெடுக்கே ஒருமுறை, குறுக்கே ஒருமுறை தூவினான். மேலே சலித்த மண்ணை உப்புப் போடுகிற மாதிரி போட்டு, பலகையை வைத்துத் தட்டிக்கொண்டே போனான். தப், தப், தப். நடுவில் ஓரிடத்தில் 'தொம்' என்றது.

முயல் பலகையை அங்கேயே விட்டுவிட்டு வேலி ஓரம் வந்து நின்றுகொண்டான்.

"பழைய அஸ்திவாரக் கல்லு கிடக்கும், மாப்ளே. உனக்கு எல்லாமே பேய்தான்" என்றான் வேலையைப் பார்க்க வந்திருந்த மேஸ்திரி.

கல் அப்படிப் பேசாது என்று முயலுக்குத் தெரியும். ஆனால் வாழ்நாளெல்லாம் அவன் பயந்ததில் முக்கால்வாசி வெறும் காற்றாகப் போயிருக்கிறது. இதையும் பெரிய டீச்சரிடம் போய்ச் சொல்லி ஊர் வாயில் விழ வேண்டுமா? வாயை மூடிக்கொண்டான். சுற்றிலும் கயிறு கட்டி, 'புதுப் புல், மிதிக்காதீர்' என்று அட்டை தொங்கவிட்டான். காலையும் மாலையும் பூவாளியால், விதை அரித்துப் போகாமல், தூறல் மாதிரி தண்ணீர் தெளித்தான். அந்த இடத்துக்கு மட்டும் எட்ட நின்றே வீசினான்.

புல் வந்தது. பிறந்த குழந்தையின் தலைமயிர் மாதிரி, ஊதினால் படுத்துவிடும் போல. பெரிய டீச்சர் கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டினார். முயலும் சிரித்தான். ஆனால் புல் விரலளவு வளர்ந்தபோது நடுவில் மஞ்சள் விழுந்தது. மண் ஆழமில்லாத இடத்தில்தான் புல் இப்படி வெயிலுக்குச் சுருளும். கூடத் தண்ணீர் ஊற்றினான். காலையில் பச்சை, மதியம் மறுபடி மஞ்சள். இன்னும் ஊற்றினான்.

புல் திட்டுத் திட்டாகக் காயும், வட்டமாகக் காயும். நூல் பிடித்தாற்போல் காயாது. ஒருநாள் பள்ளித் தாழ்வாரத்தின் மேல்படியில் நின்று பார்த்தான். நான்கு மூலையும் சரியாக வெட்டி, நடுவே ஒரு கோடு ஓட, ஒரு இரட்டைக் கதவு தரையில் படுத்திருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னான். மனைவி அடுப்படியில் கரண்டியோடு நின்றாள்.

"இத்தன நாளா நாய்க்குப் பயந்தீங்க, இப்போ கதவுக்கா? நாளைக்கு ஜன்னலுக்குப் பயப்படுவீங்களா?" என்று சிரித்தவள், அடுப்படி வாசலில் கதவுக்குப் பதிலாகத் தொங்கிய பழைய சேலையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அந்த வீட்ட இடிக்கும்போது ரெட்டக் கதவு ஒண்ணு இருக்கு, உனக்குத் தரேன்னான் அண்ணன். அப்புறம் கேட்டா, கரையான் அரிச்சிடுச்சுன்னான்." கரண்டியைக் கீழே வைத்தாள். "நாளைக்குப் பிள்ளைங்கள உள்ள விடணும்னு பெரிய டீச்சர் சொல்லியிருக்காங்க. கூட்டிட்டுப் போறது நான்தான்."

விடிந்ததும் மேஸ்திரியைப் பள்ளிக்கு வரவழைத்தார்கள். கயிற்று ஓரம் வந்தவன் மஞ்சளைப் பார்த்தான். கயிற்றைத் தாண்டாமல் அங்கேயே நின்றான்.

"மச்சான், அடியில என்ன இருக்கு?"

"கிணறு. தூர்க்க மண்ணு பத்தல. கதவப் போட்டு மேல ரெண்டு வண்டி மண்ணத் தள்ளிட்டேன். புல்லுதான, பிள்ளைங்க கனத்தத் தாங்கிடும்னு..."

"கரையான் அரிச்சதா இல்லியா?"

"அரிச்சிருந்தது, மாப்ளே."

"நான் தினம் அது மேலதான மச்சான் தண்ணி ஊத்திட்டிருக்கேன்!"

மனைவி பெரிய டீச்சரிடம் சொல்ல உள்ளே ஓடினாள். அதற்குள் பள்ளி மணி அடித்து, பிள்ளைகள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பந்து கயிற்றுக்கு அடியில் உருண்டு போனது. அதன் பின்னாலேயே குட்டைச் சடை போட்ட ஒரு பெண் குழந்தையும் குனிந்து நுழைந்துவிட்டது. மஞ்சளின் மேல் போய் நின்று பந்தை எடுத்தது.

மேஸ்திரி பாய்ந்தான். முயல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். பொத்தான் தெறித்தது. "கால் வெக்காதீங்க! உங்க கனத்துக்கு ரெண்டு பேரும் போயிடுவீங்க."

கத்தினால் குழந்தை ஓடும். ஓடினால் கதவு உடையும். முயல் குப்புறப் படுத்து, யாரையும் மிதிக்கவிடாமல் காத்த புல்லின் மேல் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு ஊர்ந்தான். மஞ்சளின் விளிம்பு வந்ததும் நின்றான்.

"பாப்பா, பாம்பு விளையாட்டு. படுத்துக்கோ. படுத்துக்கிட்டே வா."

"நீ முயல் மாமாதான? ஏன் பாம்பாயிட்ட?"

"இன்னைக்கு மட்டும். வாடா தங்கம், மெதுவா."

குழந்தை பந்தைக் கட்டிக்கொண்டு படுத்தது. சிரித்துக்கொண்டே ஊர்ந்தது. பாதி வழியில் மண்ணுக்கு அடியில் 'மடக்' என்றது. முயலின் கன்னத்துக்கு நேரே தரை ஒரு மூச்சு விட்டது. குளிர்ந்த, அழுகிய காற்று. கையை எவ்வளவு நீட்ட முடியுமோ நீட்டினான். பிஞ்சு மணிக்கட்டு அகப்பட்டது. இழுத்து நெஞ்சுக்கு அடியில் போட்டுக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்தான். கயிறு முதுகில் பட்ட பிறகும் நிற்கவில்லை. பள்ளிச் சுவரில் இடித்துத்தான் நின்றான்.

குழந்தைகளையெல்லாம் உள்ளே அடைத்த பிறகு, மேஸ்திரி ஒரு பெரிய கல்லைத் தூக்கி நடுவில் எறிந்தான். புல்லோடு, மண்ணோடு, கதவோடு போயிற்று. தண்ணீரில் விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்து வந்தது. மேஸ்திரி அப்படியே தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

முயலின் மனைவி அழவில்லை. புருஷன் சட்டையில் ஒட்டிய சேற்றைத் தட்டுகிறேன் என்று முதுகில் மாறி மாறி அடித்தாள். "மொதல்லயே சொல்றதுக்கு என்ன? பயமா?"

"ஆமா" என்றான் முயல்.

பிறகு மேஸ்திரி தன் கையாலேயே கல்லும் மண்ணும் கொட்டிக் கிணற்றை அடியிலிருந்து வாய்வரைக்கும் தூர்த்தான். முயல் மறுபடி விதை தூவி, பலகையால் தட்டினான். எல்லா இடமும் தப் என்றுதான் சொன்னது. திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தான். இப்போது புல் எங்கும் ஒரே பச்சை. பிள்ளைகள் அதில் பாம்பு விளையாடுகிறார்கள். மேஸ்திரி வந்தால் அதன் நடுவில் நின்று குதித்துக் காட்டி, "பார்த்தியா மாப்ளே, பாறை மாதிரி இருக்கு!" என்பான்.

"இருக்கட்டும் மச்சான்" என்று சொல்லிவிட்டு, முயல் பூவாளியோடு அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவான்.