புது மிஷினுக்கு முதல் போணி

சிதம்பரம் கீழ வீதிக் கடைக்காரர்களுக்குக் கார்டு மிஷின் என்றால் என் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். மிஷின் மக்கர் பண்ணும்போது திட்டுவதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த முகம் அது ஒன்றுதான். ஒரு வங்கிக்காகக் கடைகளில் மிஷின் பொருத்தும் சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. வீடு கடலூரில், திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம். காலையில் தோள்பையில் மிஷின்களை அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினால் பரங்கிப்பேட்டை, புவனகிரி, சிதம்பரம் என்று சுற்றிவிட்டு இருட்டிய பிறகுதான் திரும்புவேன். பையைப் பார்த்ததும் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்பார். மடியில் வைத்திருப்பதற்கு எதற்கு டிக்கெட் என்று நான் கேட்பேன். அந்தச் சண்டையிலேயே பாதி வழி போய்விடும்.

கீழ வீதிக்கு முதன்முதலில் மிஷின் கொண்டுபோனது 2005இல். கோயிலுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள், பல்கலைக்கழகத்தில் படிக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாம் கார்டை நீட்ட ஆரம்பித்திருந்த நேரம். என் வேலை சுலபமானதுதான். மிஷினை டெலிபோன் லைனில் மாட்ட வேண்டும். கடைக்காரரின் கார்டையே வாங்கி ஒரு ரூபாய்க்குத் தேய்த்துப் பார்க்க வேண்டும். பிறகு அந்த ஒரு ரூபாயைக் கேன்சல் செய்ய வேண்டும். விற்பனைச் சிலிப் ஒன்று, கேன்சல் சிலிப் ஒன்று, இரண்டையும் ஆபீஸில் ஒப்படைத்தால்தான் அந்தக் கடைக்கு வேலை முடிந்ததாகக் கணக்கு.

இந்தக் கேன்சலில்தான் வந்தது வினை. முதல் கடை பாத்திரக்கடை. அதன் உரிமையாளரைத் தெருவே மாமா என்றுதான் கூப்பிடும். ஒரு ரூபாய் போய்விட்டது, இப்போது கேன்சல் பண்ணிக் காட்டுகிறேன் என்று சொன்னேனோ இல்லையோ, மனிதர் மிஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இன்னா தம்பி, போணிய பண்ணிட்டு நீயே அத கேன்சல் பண்ணுவியா? கட வெளங்குமா?"

இது போணி இல்லை மாமா, டெஸ்ட்டு என்றேன். "மொத மொதல்ல துட்டு வந்தா அது போணிதான். உங்க ஆபீஸுல அதுக்கு ஆயிரம் பேரு வச்சிப்பீங்க" என்றார். பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து கூடிவிட்டார்கள். எல்லோரும் அவர் கட்சி. நான் மிஷினைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது எதிர்ப் புடவைக்கடையிலிருந்து அக்கா தெருவைக் கடந்து வந்தார்.

அவரும் அவர் கணவரும் சேர்ந்து நடத்திய கடை அது. கணவர் புடவைகளைப் பிரித்துப் போடுவார், அக்கா கல்லாவில் உட்கார்ந்திருப்பார், பள்ளிக்கூடம் விட்டு வரும் அவர்கள் மகள் ஓரமாக உட்கார்ந்து பாடம் எழுதும். நாலு வார்த்தையில் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "மொதல்ல பண்ணது போணி, அது நிக்கட்டும். ரெண்டாவதா இன்னொண்ணு தேச்சி அத கேன்சல் பண்ணிக்கோ. உங்க ஆபீஸுக்கு சிலிப்புதான வேணும்?" என்றார். ஆபீஸுக்குச் சிலிப்தான் வேண்டியிருந்தது. எந்த ஒரு ரூபாயைக் கேன்சல் செய்தாய் என்று அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

அக்கா தீர்ப்புச் சொன்னால் தெரு கேட்கும். அவர் கைராசி அப்படி. புதுக்கடை திறந்தாலும், புதுத் தராசு வாங்கினாலும், தீபாவளிச் சரக்கு வந்து இறங்கினாலும் முதல் போணிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். படுத்துக் கிடந்த ஒரு ஜூஸ் கடை அவர் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்த பிறகு எழுந்து நின்றதாக ஒரு கதையே உண்டு. அதனால் அந்தத் தெருவில் நான் பொருத்திய மற்ற மிஷின்களில் எல்லாம் முதலில் தேய்த்த கார்டு அக்காவுடையது. மஞ்சள் பூசிய முகம், தலை நிறையக் கதம்பம், கையில் எலுமிச்சம்பழம் சகிதம் வருவார். மிஷினுக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவார். "போணி பண்றதுக்கு எவ்ளோ கூலின்னு கேட்டு வாங்கிட்டு வா" என்று புடவைக்கடையிலிருந்து அவர் கணவர் குரல் கொடுப்பார். குங்குமம் கார்டு தேய்க்கிற பள்ளத்தில் விழுந்து அடுத்த வாரமே மிஷின் படிக்காமல் நின்றுவிடும். நான் ஸ்பிரிட்டும் பஞ்சுமாக வந்து துடைப்பேன். "மேலாக்க வையுங்கக்கா, பள்ளத்துல வேணாம்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்டதே இல்லை.

சில வருஷம் கழித்து, பேப்பர் ரோல் கொடுக்கப் போன ஒருநாள் புடவைக்கடை பூட்டியிருந்தது. பாத்திரக்கடை மாமாதான் சொன்னார். புடவை மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கணவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவரும் மாமாதான், மயானம் வரை கூட நின்றவரும் மாமாதான். அடுத்த முறை நான் போனபோது கடை திறந்திருந்தது. அக்கா கல்லாவில் இருந்தார். நெற்றியில் ஒன்றுமில்லை. பேப்பர் ரோலைக் கல்லா மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

'தானே' புயல் அடித்து ஓய்ந்து, கரண்டுக் கம்பங்களை எல்லாம் நட்டு முடித்த பிறகு, 2012இல் புது உத்தரவு வந்தது. இனிமேல் சிப் வைத்த கார்டுகள்தான் வரும், பழைய மிஷின்களைக் கழற்றிவிட்டுப் புதிது வைக்க வேண்டும். வங்கி தன்னிடம் கணக்கு வைத்திருந்த கடைக்காரர்களுக்குச் சிப் கார்டையும் அனுப்பிவைத்திருந்தது. புது மிஷினில் நான் கற்றுக்கொடுக்க வேண்டியது ஒரே ஒரு பாடம். கார்டைத் தேய்க்கக் கூடாது. கீழே உள்ள வாயில் செருகிவிட்டு, சிலிப் வரும்வரை எடுக்காமல் விட வேண்டும்.

அந்த ஒரு பாடம் ஒருவருக்கும் ஏறவில்லை. வெடுக்கென்று இழுங்கள், மெதுவாக இழுத்தால் படிக்காது என்று வருஷக்கணக்காக நானே பழக்கிவைத்த கைகள். செருகிய மறுநொடி உருவிவிடுவார்கள். மிஷின் கீய்ங் என்று கத்தி, கார்டை எடுத்துவிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லும். கடலூரில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த அதிகாரியே எல்லோர் முன்னாலும் உருவிவிட்டு அசடு வழிந்தார். கார்டைப் போட்டதும் எடுக்காதீங்க, எடுக்காதீங்க என்று கத்திக் கத்தியே அந்த வருஷம் எனக்குத் தொண்டை கட்டியது.

கீழ வீதிக்கு நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை. பாத்திரக்கடை மாமா எலுமிச்சம்பழமும் சூடமும் தயாராக வைத்திருந்தார். "ராகு காலம் முடியட்டும் தம்பி. எல்லா கடைக்கும் நானே வந்து போணி பண்ணிடறேன். பேசி வச்சாச்சி" என்றார்.

அக்கா வரலையா என்று கேட்டேன். மாமா எலுமிச்சம்பழத்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். "அதான்... அவுங்க முன்ன மாதிரி இல்ல பாரு. நல்ல காரியம்" என்று முடித்துக்கொண்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மாமாவின் மனைவி இறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு நானும் போயிருக்கிறேன். அவர் கை மட்டும் எப்படி ராசியான கையாகவே இருந்தது என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. மாமா கெட்டவராக இருந்திருந்தால் கேட்டிருப்பேன். அக்காவின் கணவரை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போன மனிதரிடம் எப்படிக் கேட்பது?

ராகு காலம் பார்க்காதது அந்தத் தெருவில் பாய் கடை ஒன்றுதான். பரங்கிப்பேட்டைக்காரர், பெட்டி, பை விற்கிறவர். ஜும்ஆ தொழுகைக்குப் போவதற்குள் முடித்துவிடச் சொன்னார். மிஷினை மாட்டி முடித்ததும், "பழைய மிஷினுக்கு அக்காதான பண்ணாங்க? அவுங்களயே கூப்புடு" என்று சொல்லி ஆள் அனுப்பினார். போன ஆள் திரும்பி வந்து, அக்காவுக்குத் தலைவலியாம் என்றான். பாய் புடவைக்கடைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு தன் கார்டையே செருகினார், உடனே உருவினார், மிஷின் கத்தியது. "இதுக்கு இவ்ளோ பொறும வேணுமா? நமக்கு ஆவாதுப்பா" என்று சிரித்துவிட்டு மறுபடி செருகினார்.

ராகு காலம் முடிந்ததும் நான் பாத்திரக்கடைக்குப் போகவில்லை. நேரே புடவைக்கடைக்குப் போனேன். வீம்புதான். மாமா தெருவில் இறங்குவதற்குள் அக்காவின் கை முதலில் பட்டுவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு. அது எனக்கு ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் அம்மாவைத் தேடினேன். மேடையில் இல்லை. அப்பா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார், அதனால் அம்மா பந்தியில் இலை போடுகிற இடத்தில் போய் நின்றுகொண்டிருந்தார். யாரும் போகச் சொல்லவில்லை, அவராகவே போய்விட்டார். அன்றைக்கு ஆரம்பித்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அக்கா வழக்கம்போலத் தண்ணீர் கொடுத்தார். "கார்டு இந்தா தம்பி. செத்த இரு, மாமா வந்துடட்டும்" என்றார்.

"உங்க கட, உங்க கார்டு. நீங்கதான் போடணும்க்கா. மிஷின்ல அப்பிடித்தான் வச்சிருக்கான்" என்று கூசாமல் புளுகினேன்.

நம்பினாரா, எனக்காக ஒப்புக்கொண்டாரா, தெரியாது. எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். சுவரில் மாலை போட்டிருந்த கணவர் படத்தை ஒருமுறை பார்த்தார். மிஷினுக்குச் சந்தனம் வைத்தார். குங்குமத்தைத் தொடவில்லை. கடையில் வேலை பார்க்கிற பெண்ணைக் கூப்பிட்டு, "நீ வைம்மா. மேலாக்க வை, பள்ளத்துல வேணாம்" என்றார். எத்தனை வருஷமாக அதைச் சொல்லியிருப்பேன், அன்றைக்குத்தான் கேட்டார்.

கார்டை வாங்கிச் செருகினார். எடுக்காதீங்க என்று நான் வாயைத் திறப்பதற்குள் கை தானாக உருவிவிட்டது. கீய்ங் என்று கத்தியது மிஷின்.

அக்கா கார்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். கோபப்படவில்லை, அழவில்லை. ரொம்ப நாளாகத் தெரிந்த ஒரு செய்தியை யாரோ வந்து சொன்ன மாதிரி இருந்தது அவர் முகம்.

"பாத்தியா தம்பி" என்றார்.

எல்லாருக்கும் இப்படித்தான்க்கா என்றேன். இப்போதுதான் பாய் இழுத்தார் என்றேன். பயிற்சி கொடுத்த அதிகாரியே இழுத்தார் என்றேன். நான் சொன்னதெல்லாம் நிஜம். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒன்றுகூட உள்ளே போகவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கெஞ்சி, மறுபடி செருக வைத்தேன். இந்தத் தடவை செருகியதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். மிஷின் யோசித்தது, பிறகு கறகறவென்று சிலிப்பைத் துப்பியது. கிழித்து அவர் கையில் கொடுத்தேன்.

"போணி ஆயிடுச்சிக்கா."

"இத கேன்சல் பண்ணிடு" என்றார்.

நான் மிஷின் வைத்த எந்த ஊரிலும் எந்தக் கடைக்காரரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சரியென்று சொல்லிவிட்டு வேறு பொத்தானை அழுத்தினேன். அதே சிலிப்பின் நகல் வந்தது. அக்கா அதை வாங்கிப் பார்த்தார். அத்தனை வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவரிடம் என் வித்தை பலிக்குமா?

"இது டூப்ளிகேட்டு. கேன்சல் சிலிப்ப குடு தம்பி. கட நடக்கணும். பொண்ண கட்டிக் குடுக்கணும். எனக்கு வேற இன்னா இருக்கு?"

கேன்சல் செய்தேன். என் கையாலேயே செய்தேன். அந்தச் சிலிப்பை வாங்கி, ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"போயி மாமாவ கூட்டியா. ராகு காலம்தான் முடிஞ்சிடுச்சே."

மாமா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். சூடம் கொளுத்தி மிஷினைச் சுற்றினார், கடவுளைக் கும்பிட்டார், கார்டைச் செருகினார், உருவினார். அதே கீய்ங்.

"பாரேன், என்னப் பாத்து வெக்கப்படுது. புது மிஷினு இல்ல?" என்று மாமா சிரித்தார். வேலை பார்க்கிற பெண் சிரித்தது. வாசலில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார், மனம்விட்டுச் சிரித்தார். அவர் கணவர் போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எடுக்காதீங்க மாமா" என்றார் அக்கா. "செருகிட்டு அப்பிடியே வச்சிருங்க. சிலிப்பு வர வரைக்கும் கைய வைக்கக் கூடாது."

சிலிப் வந்தது. அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் வைத்தார். நான் பையை மூடிக்கொண்டு கிளம்பினேன். வழக்கமாக இரண்டாவதாக ஒரு ரூபாய் போட்டு ஆபீஸுக்காகக் கேன்சல் செய்வேன். அந்தக் கடையில் அதற்கு அவசியம் வரவில்லை.