இருபத்தொன்றாம் பக்கம்

"ஒரு நாவல் பரலோகத்துக்குப் போகுமா, நரகத்துக்குப் போகுமான்னு சொல்ல எனக்கு இருபது பக்கம் போதும். இருபத்தொண்ணாம் பக்கத்தை இந்தக் கண்ணு பார்த்ததே இல்ல."

முப்பது வருடமாக ஆர்டித் கூம்ப்ஸ் அம்மா இதைச் சொல்லிவந்தார். டென்னசி மலையடிவாரத்தில், எங்கள் பாப்டிஸ்ட் சபையின் நூலகம் அவர் பொறுப்பு. கடவுளே நியாயத்தீர்ப்புக்குக் கடைசி நாள்வரை காத்திருக்கிறார்; ஆர்டித்துக்கு அவ்வளவு நேரம் கிடையாது. இந்தக் காலத்து நாவல்கள் ஏழாம் பக்கத்திலேயே விஸ்கியை ஊற்றிவிடுகின்றன. அவை வெளியே போயின. தப்பித்தவறி விஸ்கி என்ற சொல் மட்டும் ஒன்றிரண்டு இடத்தில் வந்தால் கறுப்பு மையால் அடித்துவிடுவார்.

அவருடைய உயிர்த்தோழி வெர்லீன் டட்லி ஒரு நாவல் எழுதினார். முதல் இருபது பக்கத்தில் ஒரு ஞானஸ்நானம், இரண்டு ஜெபம், ஒரு பீச் பழப் பலகாரம். ஆர்டித் அனுமதி முத்திரை குத்தினார். அதோடு நிற்காமல், 'ஒவ்வொரு குடும்பமும் படிக்க வேண்டியது' என்று சபைச் செய்தித்தாளிலும் எழுதினார். சபை கீழ்ப்படிந்தது.

அடுத்த ஞாயிறு எல்லோரும் அவரிடம் அளவுக்கு மீறி அன்பாக இருந்தார்கள். எங்கள் ஊரில் அது நல்ல அறிகுறி அல்ல. ஆராதனை முடிந்து சாப்பிடும்போது போதகரின் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர் ஆர்டித், அந்த நீலத் தட்டு அத்தியாயம் படிச்சு அழுதுட்டேன், உங்களுக்காக."

பதினோரு வருடத்துக்கு முன், நன்றிப் பண்டிகையன்று, விவாகரத்தான ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்த மகன் கெலனை ஆர்டித் வாசலோடு திருப்பி அனுப்பினார். அவனுக்கு வைத்த நீலத் தட்டு மேஜையிலேயே இருந்தது. அதற்குப்பின் பேச்சில்லை. இதை அவர் சொன்னது ஒரே ஒருவரிடம். தன் ஜெபத் துணையான வெர்லீனிடம், ஜெபக் குறிப்பாக.

சபைச் சமையலறையில் வெர்லீன் அகப்பட்டார்.

"ஜெபிக்கத்தான் சொன்னேன், வெர்லீன். அச்சடிக்கச் சொல்லல."

"பேரை மாத்திட்டேனே, கண்ணு."

"தட்டை மாத்தலையே! ஓரம் உடைஞ்சதுகூட இருக்காமே!"

"ஜெபமும் பண்ணினேன். பண்ணப் பண்ணத்தான் கதை வந்துச்சு. ஆண்டவர் குடுத்ததை வேணாங்கலாமா?"

"அவர் குடுக்கல. நான் குடுத்தேன்."

"முடிவைப் படி, ஆர்டித். இருநூத்திப் பதினாலாம் பக்கம். அந்த அம்மா ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறா."

"யாரைக் கேட்டு என் கதவைத் திறந்த?"

வெர்லீன் வாழைப்பழப் புட்டிங்கின் மேல் மூடியைப் போட்டார்.

ஆலயத்தில் முப்பது வருடம் வெர்லீனோடு பகிர்ந்த பெஞ்சை விட்டு ஆர்டித் மறுபக்கம் போய் உட்கார்ந்தார். நாவலும் அலமாரியிலிருந்து மறைந்தது. எரித்திருப்பார் என்று சபைப் பொறுப்பாளர்களான டீக்கன்கள் ஒருமனதாக நம்பினார்கள்.

ஆறு வாரம் கழித்து அது பழைய இடத்தில் இருந்தது. கறுப்பு மை எங்கும் படவில்லை. கையில் எடுத்தால் தானாகவே இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில் விரிந்தது. பின்னட்டையில் செருகிய இரவல் சீட்டில், இரண்டிரண்டு வார இடைவெளியில், அதே திருத்தமான கையெழுத்தில் மூன்று முறை ஒரே பெயர்: ஆர்டித் கூம்ப்ஸ்.