கழற்றிய சக்கரமும் சிலிண்டர்காரரும்

கழற்றிக் கொண்டுபோய்ப் பஞ்சர் ஒட்டி வந்த முன்சக்கரத்தைப் பைக்கில் மாட்ட முடியாமல் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பிரேக் பேடுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு, டிஸ்க் நுழைய இடமில்லை. பத்து மணிக்குப் பீளமேட்டில் பரீட்சை என்று மகள் பையோடு நின்றாள்.

சிலிண்டர் போட வந்தவர் குனிந்து பார்த்தார். எதைத் தொடும் முன்பும் காக்கிச் சட்டையில் கையைத் துடைத்துக்கொள்ளும் ஒல்லியான மனிதர்.

"சக்கரமில்லாதப்ப பிரேக்கைப் பிடிச்சா இப்படித்தானுங்க ஒட்டிக்கும். பிடிச்சுப்போட்டீங்களா?"

பிடித்திருந்தேன். வெட்கத்தில், "இல்லீங்க" என்றேன். மகள் என்னைப் பார்த்தாள்.

"நானும் எங்க ஊட்டுல இல்லைன்னுதானுங்க சொன்னேன்" என்றவர், ஸ்க்ரூடிரைவரால் பேடுகளை மெல்ல விலக்கிச் சக்கரத்தைப் பொருத்தினார்.

பரீட்சைக்கு நேரத்தில் போய்விட்டோம். அவருக்கு நிஜமாகவே அப்படி நடந்ததா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா என்றுதான் இன்னும் தெரியவில்லை.