தங்கைக்கு விழுந்த ஓட்டுகள்

இம்மலரின் தொடக்கப் பக்கங்களில் அரசியல்வாதிகளின் அனுதாபச் செய்திகள் எதுவும் இல்லை. வரவில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். என் தங்கையின் முதலாம் ஆண்டு நினைவுக்கு மலர் அச்சாகிறது என்று காதில் விழுந்ததுமே மூன்று செய்திகள் வந்துவிட்டன. மூன்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகம். ஒன்றில் என் தங்கை "சிறந்த தந்தையாகவும் பாசமிகு பாட்டனாராகவும்" வாழ்ந்ததாகப் புகழப்பட்டிருந்தார். வேறு யாரோ ஒரு பெரியவருக்கு எழுதியதைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றையும் குப்பையில் போட்டேன்.

இந்தத் திடீர்ப் பாசத்தின் காரணம் எல்லாருக்கும் தெரியும். கோலாலம்பூர் மேயரை மக்களே தேர்ந்தெடுக்கலாமா என்ற பேச்சு எழுந்திருக்கிறது. அது வந்தால் நம் நகராண்மைக் கழகத்துக்கும் தேர்தல் வரும் என்று இங்கே சிலர் இப்போதே புதுச்சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டார்கள். நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்த காலத்தில் நின்றுபோன தேர்தல் அது. அதன்பின் இன்றுவரை கவுன்சிலர் பதவி நியமனம்தான். கட்சி பெயர் கொடுக்கும், மாநில அரசு பதவி கொடுக்கும், மக்கள் மாலை கொடுக்க வேண்டும். அப்படி நியமனம் பெற்று இரண்டு தவணை உட்கார்ந்து எழுந்தவன் நான். தேர்தல் வந்தால் நிற்கும்படி நம் தாமான் குடியிருப்பின் இளைஞர்கள் என் வீடு தேடி வந்து கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் என் தங்கையின் வாழ்க்கைக்குள் இருக்கிறது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

உயிரோடு இருந்தவரை தங்கையை நான் மரியாதை கொடுத்து அழைத்ததில்லை. இந்த மலரிலாவது 'அவர்' என்று எழுதுகிறேன்.

உலு யாம், ராசா என்ற ஊர்களுக்கு இடையில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் அவர் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். நான் நன்றாகப் படித்தேன், ஆசிரியரானேன். தங்கையும் நன்றாகத்தான் படித்தார். ஆனால் ரவாங்கில் தொழிற்சாலைகள் திறந்த நேரம், கையுறைத் தொழிற்சாலைப் பேருந்து தோட்டத்து வாசலுக்கே வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போனது. அவரும் ஏறிக்கொண்டார். யாருக்காகவும் படிப்பை விடவில்லை. சம்பளம் வாங்கப் பிடித்திருந்தது என்று பிற்காலத்தில் அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

சிறு வயதிலேயே அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. லயத்துப் பிள்ளைகள் என்ன விளையாடுவது என்று சண்டை போட்டால், இரண்டு கொட்டாங்கச்சிகளை வைத்து ஆளுக்கொரு ரப்பர் விதையைப் போடச் சொல்வார். போடும்போது மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தோற்றவர்கள் முணுமுணுக்காமல் விளையாட வேண்டும். தொழிற்சாலையில் கேண்டீன் சாப்பாடு மோசமானபோதும் இதே முறையில்தான் மேலாளரிடம் பேச ஆள் தேர்ந்தெடுத்தார்கள். அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

திருமணமாகி ஒரு மகன் பிறந்த பின் தோட்டம் துண்டாடப்பட்டது. லயத்தைக் காலி செய்த குடும்பங்களுக்குப் போராட்டத்துக்குப் பிறகு மலிவு வீடுகள் கிடைத்தன. இன்று நாம் இருக்கும் தாமான் அதுதான். கணவரை இங்கே வந்த சில ஆண்டுகளில் மாரடைப்பில் பறிகொடுத்தார். அதன் பிறகும் தொழிற்சாலை வேலையை விடவில்லை. யார் வீட்டில் தண்ணீர் வராவிட்டாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும், வேலை முடிந்து வந்த சீருடையோடேயே நகராண்மைக் கழக முகப்பில் போய் நிற்பார். நான் பணி ஓய்வு பெற்று, கட்சிக் கிளைச் செயலாளர் என்ற பெயரில் துவைத்த சட்டையோடு கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த காலம் அது.

அப்போதுதான் நம் வட்டாரத்துக்கு ஒரு கவுன்சிலர் பதவி என்று கட்சி அறிவித்தது. தாமானிலிருந்து ஒரு பெயரை அனுப்பச் சொன்னார்கள். தங்கை கேட்டார்:

"பேரு யாருண்ணே சொல்றது? நீயும் கிளைத்தலைவரும் காப்பிக்கடையில உக்காந்து முடிவு பண்றதா? நாங்க ஓட்டுப் போட்டுச் சொல்றோம், அத கொண்டுபோ."

தொகுதித் தலைவரும் சரி என்றார். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. பாலர் பள்ளிக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு நடந்தது. மின்சாரச் சோற்றுப் பானை வந்த அட்டைப் பெட்டிதான் வாக்குப்பெட்டி. நின்றவர்கள் மூவர்: என் தங்கை, நான், லோரி வைத்திருந்த ஒரு நண்பர். எண்ணும் வேலையைக் கடைசி வரிசை வீட்டுப் பாக்கியம் அக்காவிடம் கொடுத்தோம். எண்ணி முடித்ததும் அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"வாத்தியாரே, கோவிச்சுக்காதீங்க. தங்கச்சி உங்கள நல்லா வெளுத்துடுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெயரைத் தொகுதித் தலைவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

அங்கே நடந்தது இதுதான்.

"என்ன வாத்தியாரே, யாரு பேரு வந்துச்சு?"

"என் தங்கச்சிதான். ஆனா அவங்களுக்கு விருப்பமில்லையாம். வேலை, வீடு, பையன் கல்யாணம்னு சொல்றாங்க."

"அப்ப அடுத்து யாரு?"

"அடுத்து நான்தான்."

"அப்ப நீங்களே இருங்கலா. முடிஞ்சுபோச்சு."

யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் ஆசை காட்டவில்லை. நெடுநேரம் யோசிக்கவும் இல்லை. ஒரு தேநீர் ஆறுவதற்குள் நம் தாமானின் ஓட்டுகளை நான் விழுங்கிவிட்டேன். கட்சியில் நான் கண்ட தலைவர்களைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் கிடையாது. பேனரில் தெய்வத்தைவிடத் தங்கள் முகத்தைப் பெரிதாகப் போடச் சொல்பவர்கள், சாவு வீட்டில் படம்பிடிப்பவர் வந்து சேரும்வரை காரைவிட்டு இறங்காதவர்கள். ஆனால் அன்று அவர்களில் யாரும் செய்யாத ஈனத்தைச் செய்தவன் நான்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம், "மேலிடத்துல மாத்திட்டாங்கம்மா" என்றேன்.

"மேலிடம்னா யாருண்ணே? எத்தனாவது மாடி?"

"அதெல்லாம் கேக்க முடியாதும்மா."

"நான் போய்க் கேக்குறேன்."

"போனா தாமானுக்கு வர்ற இந்த ஒரு எடமும் போயிடும்."

அவர் போகவில்லை. அதைவிடக் கொடுமை, கோபத்தில் இருந்தவர்களை அவரே சமாதானப்படுத்தினார். "மேலிடம் மாத்திடுச்சாம். விடுங்க, எங்க அண்ணன்தானே, நம்ம சொல்றத கேப்பாரு" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். என் பொய்யை உங்கள் வாசல்களில் கொண்டுவந்து சேர்த்தவர் என் தங்கை. அது பொய் என்று அவருக்குத் தெரியாது.

நான் என்ன கேட்டேன் என்பதை நீங்களே பார்த்தீர்கள். கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் கட்டிய கால்வாயின், நம் பேச்சில் லோங்காங்கின், தரை சாய்வு மாறிப்போய், மழை பெய்தால் தண்ணீர் வீடுகளை நோக்கித் திரும்பி வந்தது. தங்கை அதிகாரியையும் என்னையும் அழைத்துவந்து, ஒரு வாளித் தண்ணீரைக் கால்வாயில் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் எங்கள் காலடிக்கே வந்தது. "பாருங்க, லோங்காங்குக்கே நம்ம வீட்ட பிடிச்சிருக்கு" என்றார் பாக்கியம் அக்கா. நகராண்மைக் கழகக் கூட்டத்தில் அதை எழுப்பினேன். 'அம்பில் மக்லும்' என்றார்கள், அதாவது கவனத்தில் கொள்கிறோம். குத்தகையாளர் கட்சிக்கு வேண்டியவர் என்று எனக்குத் தெரியும். நான் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்தேன். அந்த மலாய்ச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து தங்கையிடமும் பெருமையாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் நான் தேநீர் கேட்டால், "அம்பில் மக்லும்" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார். தேநீர் வராது. தீபாவளி வாழ்த்துக்காக என் படம் போட்டு நான் மாட்டிய பேனர் கிழிந்து விழுந்தபோது, அதை எடுத்துப்போய் முற்றத்தில் விரித்து மிளகாய் காயவைத்தார். "அண்ணன் முகம் இப்பத்தான் நாலு பேருக்கு உபயோகமா இருக்கு" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார். நானும் அதைக் கேட்டேன். கடைசி வரிசையில் இன்றும் மழைக்காலத்தில் கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றி வைக்கிறார்கள்.

இரண்டாம் தவணை முடிந்ததும் என்னைத் தூக்கிவிட்டு வேறொருவரைப் போட்டார்கள். காரணம் கேட்டேன். மேலிடம் என்றார்கள்.

தங்கைக்குச் சிறுநீரகம் பழுதானது அவருடைய அறுபதுகளின் நடுவில். வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அந்தப் படுக்கையிலும் பக்கத்துப் படுக்கைக்காரர்களின் வீட்டுச் சங்கதிகளையெல்லாம் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். தேர்தல் பேச்சு அப்போதே தொலைக்காட்சியில் வரத் தொடங்கியிருந்தது. "அது வந்தா கவுன்சிலருக்கு ஒரே ஒரு தடவ ஓட்டுப் போட்டுட்டுப் போயிடுவேண்ணே" என்றார். அவருக்கு அந்த நாள் கிடைக்காது என்று மருத்துவர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். அந்த ஆசையைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிரித்தார்.

"அப்ப மேலிடம் நீதானா? அடச்சீ. நான் என்னமோ பெரிய மந்திரின்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

"என்னை மன்னிச்சிடும்மா."

"என்கிட்ட எதுக்குக் கேக்குற? நமக்கு நாமே போட்டுக்குறது அசிங்கம்னு நான் அன்னிக்கு ஓட்டே போடல. போட்டவங்க தாமான்ல இருக்காங்க. அவங்ககிட்டச் சொல்லு."

"சொன்னா தாமான்ல தலைகாட்ட முடியாதும்மா."

"காட்டாத."

அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. சில நாட்களில் நினைவு தப்பியது. மகனின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போனார். மின்சுடலை வாசலில் ஒரு கட்சிக்காரர் என் தோளில் கைபோட்டு, "ஐயா, தேர்தல் வந்தா இந்தத் தாமான் ஓட்டு நம்ம பக்கந்தானே?" என்று கேட்டார். தங்கையின் மகன், என் மருமகன்தான் திரும்பினான். "மொதல்ல சாம்பல் ஆறட்டும்லா. அப்புறம் வந்து பொறுக்குங்க."

தங்கை சொன்னதை நான் ஓராண்டு செய்யவில்லை. இளைஞர்கள் வந்து, "சார், நீங்க நில்லுங்க. உங்க தங்கச்சி அம்மா படத்தையும் பேனர்ல போட்டா நம்ம ஜெயிச்சிடலாம்" என்று சொன்னபோதும் உடனே மறுக்கவில்லை. ஒரு வாரம் அந்த ஆசை இனித்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். தங்கைக்கு விழுந்த ஓட்டை இரண்டாம் முறையும் தின்னப் பார்த்தேன். இதை எழுதி மருமகனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அம்மா சொல்லச் சொன்னாங்களா மாமா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். "அப்ப அச்சுக்குக் குடுத்துடுறேன்" என்றான். அதற்குமேல் என்னோடு பேசவில்லை.

தம்பிமாரே, நான் நிற்கப் போவதில்லை. தேர்தல் வருகிறதோ இல்லையோ, கொடுத்த ஓட்டு என்ன ஆனது என்று நேரில் போய்க் கேளுங்கள். மேலிடம் என்று யாராவது சொன்னால் பெயரைக் கேளுங்கள்.

தங்கையை டயாலிசிஸுக்கு வேனில் ஏற்றி இறக்கிய ஓட்டுநர் தம்பிக்கும், பணம் வாங்காமல் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பாக்கியம் அக்காவுக்கும், அவரைச் சிரிக்கவைத்த தாதியர்க்கும், இரவு பகல் பார்த்துக்கொண்ட மருமகனுக்கும் அவன் மனைவிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. அந்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கைக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்தது அவரைத்தான். அவர் ஜெயித்தார். அந்த வெற்றியை விழுங்கிவிட்டு உங்களிடமிருந்து மறைத்தவன் நான். மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்றைய நினைவு நாள் படையல் முடிந்ததும் பந்தி தொடங்கும். இடப்பக்க வரிசைக்கு நான் பரிமாறுகிறேன். என் கையால் சோறு வாங்க மனமில்லாதவர்கள் வலப்பக்கம் உட்காருங்கள். அங்கே என் மருமகன் பரிமாறுவான்.