ஞாயிற்றுக்கிழமை விருந்தினர்

அமெரிக்காவில், பிஸ்கட்டவே நகரிலுள்ள மகள் வீட்டு அடுப்பிலிருந்து இன்று காலை எரிவாயு சற்றே கசிந்தபோது, இடிக்கப்பட்டு, தெருப்பெயரும் மாற்றப்பட்டுவிட்ட எங்கள் இலண்டன் வீட்டின் இருண்ட அடுப்படி என் நாசிக்குள் மீண்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாங்கள் குடியேறிய அவ்வீட்டின் முன், ஞாயிறுதோறும், தொப்பியணிந்த ஆண்களும் குழந்தைகளை ஏந்திய பெண்களும் நிலக்கரிப் புகை படிந்த சன்னல்களை வாய்திறவாமல் நோக்கி நிற்பார்கள். புதுக்குடியினரைக் காணவந்த அயலவர் என்றெண்ணிய அம்மா, அவர்களுக்கெல்லாம் இஞ்சித் தேநீர் கொடுத்துவந்தார்.

ஒருநாள் கோப்பையைத் திருப்பித் தந்த மூதாட்டி ஒருவர், முன்பு குடியிருந்தவன் தன் மனைவியைக் கொன்று அடுப்படியில்தான் புதைத்தான் என்று சொல்லி, அவ்விடத்தைப் பார்க்கலாமா என்று ஆங்கிலத்தில் பணிவுடன் கேட்டார்.

அப்பா வரும்வரை அம்மா என் கையைப் பற்றியபடி கூடத்திலேயே நின்றார்.

“இஞ்சருங்கோ, உங்களுக்கு இது முந்தியே தெரியுமோ?”

“தெரியும். வெள்ளைக்காரர் ஒருத்தரும் வராதபடியால்தான் எங்களுக்குத் தந்தவை. எத்தினை வீடு ஏறி இறங்கினனான், கறுப்பருக்கு இல்லையெண்டு கதவைச் சாத்தினவை. இதையும் விட்டா றோட்டிலதான்.”

அம்மா அடுப்படிக்குள் சென்று சோறு வடித்தார். அன்றுமுதல் அங்கு நின்ற பொழுதெல்லாம் முதுகைச் சுவரோடு ஒட்டியே வைத்திருந்தார்.