தோற்பதற்கென்றே ஒரு கம்பெனி

அரசின் இணையவழிக் கொள்முதல் தளத்தில் மூக்காண்டி இப்படிப் பதிவாகியிருக்கிறார்: உரிமையாளர், ஸ்ரீ மூக்காண்டி ஸ்டீல் ஒர்க்ஸ், சங்கரன்கோவில். இரும்புக் கட்டில், பெஞ்சு, அலமாரி உற்பத்தியாளர். அரசுத் துறைகளுக்கு வழங்குவதில் நீண்ட அனுபவம் உடையவர்.

மூக்காண்டி கரிவலத்துக்காரர், லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அந்த ஆட்டோவும் அவருடையதல்ல. கழுகுமலை ரோட்டில் இரும்புப் பட்டறை வைத்திருக்கும் வெள்ளத்துரையுடையது. வெல்டிங் வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மூக்காண்டிக்கு அனுபவம் உண்டென்றால் அது தோற்பதில். வெள்ளத்துரை டெண்டர் போடும்போதெல்லாம் மூக்காண்டியும் போடுவார், கூடுதல் விலை சொல்வார், தோற்பார். கூடவே வெள்ளத்துரையின் மனைவி சுமதியும் தோற்பார். ஒருவர் மட்டும் கேட்டு அவருக்கே கொடுத்தால் சலுகை. மூன்று பேர் கேட்டு அதே ஒருவருக்குக் கொடுத்தால் போட்டி. கொள்முதல் விதிகளின் தத்துவம் இதற்கு மேல் ஆழமானதல்ல.

முன்பெல்லாம் அலுவலக வராந்தாவில் டெண்டர் பெட்டி இருக்கும். பிறர் கவர் போட்டுவிடாதபடி மறித்து நிற்க நாலு தடியர்களும் அவர்களுக்குப் பிரியாணியும் தேவைப்பட்டன. இணையம் வந்து இந்த அநாகரிகத்தை ஒழித்தது. இப்போது கம்பெனிக்கு ஒரு டிஜிட்டல் கையெழுத்து. பென்டிரைவ் மாதிரி விரல் நீளத்தில் இருக்கும். அதைக் கணினியில் சொருகிக் கடவுச்சொல்லை அடித்தால், உரிமையாளரே வந்து கையெழுத்திட்டதாகச் சட்டம் நம்பும். மூன்று கம்பெனிகளின் கையெழுத்துகளும் பஸ் ஸ்டாண்டு எதிரே, ரசீதாவின் பிரவுசிங் சென்டரில், ஒரு ஊறுகாய் பாட்டிலில் கிடந்தன. மறந்துவிடாமலிருக்க மூன்றுக்கும் ஒரே கடவுச்சொல். கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ரசீதா, ஒரே நாற்காலியில் உட்கார்ந்து மூவருக்கும் இடையே கடும் போட்டி நடத்திவைப்பார்.

சென்ற ஆண்டு சிவகிரிப் பக்கம் ஓர் அரசு மாணவர் விடுதிக்குக் கட்டில் வாங்க டெண்டர் வந்தது. கடைசி நாளன்று ரசீதாவின் சொந்தத்தில் நிக்காஹ், அவர் லீவு. வெள்ளத்துரை தானே கணினி முன் உட்கார்ந்தார். திரையில் யாருடைய கம்பெனி திறந்திருக்கிறது என்று பார்க்காமல் தன் விலையை அடித்தார். கணினி கையெழுத்துக் கேட்டது. பாட்டிலைக் கவிழ்த்து, பூட்டுக்குச் சாவி தேடுகிறவரைப் போல ஒவ்வொன்றாகச் சொருகினார். ஒன்றைக் கணினி ஏற்றுக்கொண்டது. குறைந்த விலை மூக்காண்டியின் பெயரில் போயிற்று. தோற்பதற்கென்று வைத்திருந்த விலை வெள்ளத்துரையின் பெயரில் போயிற்று.

டெண்டர் திறந்த அன்று மூக்காண்டியின் போனுக்குத் தகவல் வந்தது: மிகக் குறைந்த விலை தங்களுடையது.

"ஒருநா லீவு போட்டேன், அதுக்குள்ள மொதலாளியவே மாத்திட்டியளே அண்ணாச்சி" என்றார் ரசீதா.

வெள்ளத்துரைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆர்டர் தனக்குத்தான் என்ற நிச்சயத்தில், டெண்டருக்கு முன்பே கட்டில்களைச் செய்து அடுக்கியிருந்தார். அரசுக்கென்றே மெலிந்த குழாயில் செய்தவை. சொந்தக் காசு போட்டு எவனும் வாங்க மாட்டான். மூக்காண்டி நேரில் போய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் அவை பட்டறையை விட்டு நகரும். இல்லாவிட்டால் மறு டெண்டர். அதில் ராஜபாளையத்துக்காரன் எவனாவது நுழைந்துவிடலாம். நிஜமாகவே போட்டி வந்துவிடும் அபாயம்.

"ஏலே மூக்காண்டி, நாளைக்கு வெள்ளைச் சட்ட போட்டுட்டு வா. ஒரு கையெழுத்து இருக்கு."

"வாரேன் அண்ணாச்சி. வண்டிய என் பேருக்கு மாத்திக் குடுத்துருங்க."

"என்னலே சொல்லுத?"

"நாந்தான ஓட்டுதேன். ஆர்.சி. புக்குல மட்டும் நீங்க இருக்கிய."

"கிறுக்குப் பயலே, கம்பெனியே உம்பேர்ல தான இருக்கு. ஒனக்கு எதுக்குலே வண்டி?"

"கம்பெனில ஏறிக் கரிவலத்துக்குப் போவ முடியுமா அண்ணாச்சி?"

"ஒன்ன ஜெயிக்க வச்சதே நான்லே."

"தெரியாமத்தான வச்சிய."

வெள்ளத்துரை முதலில் மரியாதை காட்டிப் பார்த்தார். தன் நாற்காலியில் உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, 'முதலாளி' என்றார். மூக்காண்டி காப்பியைக் குடித்தார். அடுத்து மிரட்டல்: "சாவிய வச்சிட்டுப் போலே." மூக்காண்டி சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறி வீட்டுக்குப் போனார். கட்டில்கள் அடுக்கிய இடத்திலேயே நின்றன. ஒப்பந்தக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஆர்.டி.ஓ. ஆபீசில் வெள்ளத்துரைதான் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று.

நேர்மை வென்றது என்று யாரும் மாலையோடு கிளம்ப வேண்டாம். மெலிந்த குழாயைப் பற்றி மூக்காண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் படுக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றி வெள்ளத்துரைக்கு எவ்வளவு கவலையோ, அவருக்கும் அவ்வளவே. இத்தனை காலமாகக் கூலியில்லாமல் பார்த்த பொய் வேலைக்கு அவர் கூலி கேட்டார்.

வண்டி பெயருக்கு மாறிய பிறகுதான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி உற்பத்தியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன கலர்ல தருவீங்க?"

"பச்சை சார்."

தொழில்நுட்ப ஆய்வு அத்துடன் முடிந்தது.

மூக்காண்டி அந்தக் கட்டில்களில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. பட்டறையில் ஏற்றினார், சிவகிரிக்கு ஓட்டினார், விடுதியில் இறக்கினார், வெள்ளத்துரையிடம் வண்டி வாடகை வாங்கிக்கொண்டார்.