சித்தப்பாவின் வெள்ள மணி

எங்கள் சித்தப்பா மின்சார இன்ஜினியர். ஆம்பூரில் பாதி வீடுகள் மண்ணெண்ணெய்க்கே திண்டாடிய காலத்தில், கோலார் தங்கவயலில் வெள்ளைக்காரனுக்குச் சுரங்கம் முழுக்க விளக்குப் போட்டுக் கொடுத்தவர். லீவில் வந்தாலும் சும்மா இருக்கமாட்டார். பூனை மிதித்தால் விளக்கு எரியும் பலகை, பால் பொங்கினால் கத்தும் மூடி என்று எதையாவது கண்டுபிடிப்பார். அவற்றை மதித்துப் பயன்படுத்தியவள் சித்தி ஒருத்திதான். மற்றவர்கள் தொட்டு வாங்கிய ஷாக்குகள் தனிக்கதை.

பாலாற்றில் வெள்ளம் வந்தபோது அவர் கோலாரில் இருந்தார். கரையோரத்து வீட்டோடு சித்தி போய்விட்டாள். உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது ஆறு வடிந்து வெறும் மணலாகக் கிடந்தது. "யாராச்சும் ஒரு கொரல் குடுத்திருந்தா எழுந்து ஓடியிருப்பாளே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

அந்தக் குரலைத்தான் அவர் செய்ய ஆரம்பித்தார். ஆற்றோரம் இடுப்பளவு உயரத்தில் இரண்டு செப்புக் கம்பிகளை அருகருகே இழுத்துக் கட்டி, அங்கிருந்து எங்கள் வாசலில் தொங்கிய பெரிய மணிவரை கொண்டுவந்தார். தண்ணீர் ஏறி இரண்டு கம்பிகளையும் ஒருசேர நனைத்தால் பேட்டரி மின்சாரம் பாய்ந்து மணி அடிக்கும். அப்பா வேலை பார்த்த, தோல் பதனிடும் டேனரியின் முதலாளி சாயபு வந்து பார்த்தார். "இந்த மழைக்கு ஒழுங்கா நின்னா எல்லாத் தெருவுக்கும் போட்டுடலாம்" என்றார். சித்தப்பா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

ஐப்பசியில் ஒரு மாலை, மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த நேரத்தில் மணி அடித்தது. ஆற்றோரத் தெருக்கள் மொத்தமும் பிள்ளைகளையும் ஆடுகளையும் தூக்கிக்கொண்டு சர்ச் மேட்டுக்கு ஓடின. அம்மா என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினாள். சித்தப்பா மட்டும் எங்களைக் கடந்து, எதிர்ப்பக்கமாக ஆற்றை நோக்கி ஓடினார்.

"தோ வந்துட்டேன்டி! வந்துட்டேன்!"

ஆற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. டேனரி ஆள் ஒருவன் உப்பில் ஊறிய ஈரத்தோலைக் காயப்போட இடம் தேடியிருக்கிறான். தோல் ஊரில் கம்பியைக் கண்டால் வேறென்ன தோன்றும்? இரண்டு கம்பிகளின் மேலும் பாந்தமாக விரித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான். தண்ணீர் செய்யவேண்டிய வேலையை அந்த உப்பு ஈரம் செய்துவிட்டது. தோலை எடுத்த பிறகுதான் மணி நின்றது. அப்பா சித்தப்பாவை நடு மணலிலிருந்து கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்.

முதலாளி சத்தம் போடவில்லை. "ஓட்டத்துல ஒரு பொம்பளைக்குக் கை ஒடஞ்சிபோச்சு, தம்பி. இனிமே நெஜமா தண்ணி வந்தாலும் மணிய நம்பி எவன் ஓடுவான்? ஜாஸ்தி பேஜாரு. கழட்டிடு" என்றார். சித்தப்பா தன் கையாலேயே கழற்றினார். அதன்பிறகு அவர் கோலாருக்கும் போகவில்லை, எதையும் கண்டுபிடிக்கவுமில்லை. இருபது வருஷம் எங்கள் வீட்டில் வெறுமனே இருந்தார், அவ்வளவுதான்.

அன்று மேட்டிலிருந்து இறங்கும்போது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டேன்: "தண்ணி வந்தா மேட்டுப் பக்கம் ஓடணும்னுகூட இன்ஜினியருக்குத் தெரியாதாம்மா?"

அம்மா பளாரென்று அறைந்தாள். அறைந்த கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள். அடி வாங்கியது நான், இவள் எதற்கு அழுகிறாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.